புதுக்கோட்டைச் சீமையில் உலாவும் உணவும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டையில் தொடங்கிக் கோயிலில் முடிப்பதே பெருவழக்கு. புதுக்கோட்டைக்கு இவ்வகையில் குறையொன்றும் இல்லை. மன்னர் கல்லூரியின் முதல்வராயிருந்த எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916ஆம் ஆண்டில் சமஸ்தானத்தின் பொதுவரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். கே. ஆர். வெங்கடராம ஐயரின் உழைப்பில் உருவான சமஸ்தானக் கையேடு 1938 தொடங்கி 1944 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. பின்னாளில் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இலும் ஜோன் வாக்ஹார்ன் 1994இலும் இச்சிறு நாட்டையே பொருளாகக் கொண்டு பெருநூல்கள் படைத்தனர். முன்னவர் முடியின் வெறுமையைத் தலைப்பாக்கினார். பின்னவர் அரசனின் உடையைத் தலைப்பாக்கினார். ஆயினும் முடிக்கும் உடைக்கும் அப்பால், இச்சீமையின் மக்கள் என்ன உண்டார்கள், பொழுதுபோக்காக எங்கே நடந்தார்கள், யாருடன் அமர்ந்து உண்டார்கள், யார் வீட்டிலேயே இருத்தப்பட்டார்கள் என்னும் கேள்விகள் இந்நூல்களின் நடுவில் இடம்பெறவில்லை.

இக்கேள்விகள் அற்பமானவை என்று தள்ளிவிடுவோரும் உண்டு. ஆனால் உலகின் வேறு நகரங்கள் அவ்வாறு தள்ளவில்லை. சப்பானின் தலைநகர் தோக்கியோவாகப் பெயர் மாறுவதற்கு முன், எடோ என்று வழங்கிய காலத்திலேயே, 1824ஆம் ஆண்டில் அந்நகரக் கடைகளுக்கு ஒரு கையேடு அச்சாயிற்று. அதன் ஒரு தொகுதி முழுவதும் உணவுக்கடைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒசாகா நகரத்தாரைப் பற்றி அந்நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. கியோத்தோக்காரர் உடுத்தே கெடுவர், ஒசாகாக்காரர் உண்டே கெடுவர் என்பது அதன் கருத்து. 1873இல் பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்ட உயேனோ பூங்காவில் வேனிற் பூக்கள் மலரும் நாள்களில் நகரமே சோற்று மூட்டையோடு மரத்தடியில் கூடும். நகரத்தில் காலார நடப்பதும் கண்ட கடையில் வாய்க்கு ருசியாக உண்பதும் அங்கே வரலாற்றுச் செய்தியாக மதிக்கப்பட்டன.

அந்தத் தோக்கியோவைக் கண்ணால் கண்டு தமிழில் எழுதியவர் புதுக்கோட்டைக்கு மிக அண்மையிலுள்ள கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1930களில் நிழற்படக் கலை பயில அந்நகரம் சென்ற அவர், பிற்காலத்தில் பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். ஊர்சுற்றுதலை இலக்கியமாக மதித்த தமிழர் அவர். அவர் பிறந்த வட்டாரத்திலேயே அவ்வழி எழுத்து பெருகாமற்போனது வியப்புக்குரியது.

தமிழ் மரபிலேயே இதற்கு முன்னோடி இல்லையா என்றால், இருக்கிறது. ஆற்றுப்படை நூல்கள் வேறென்ன? வழியைச் சொல்வதும், வழியிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கும் உணவைச் சொல்வதுமே அவற்றின் பெரும்பகுதி. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியில் ஒரு சோறு, ஆயர் குடியில் ஒரு சோறு, உழவர் குடியில் வேறொன்று, அந்தணர் மனையில் மற்றொன்று என்று நிலத்துக்கு நிலம் தட்டு மாறிக்கொண்டே வருகிறது. அந்நூலின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். புதுக்கோட்டை அரசரும் தொண்டைமான் என்னும் பட்டமே தரித்தனர். பெயரொற்றுமையை வைத்து மரபொற்றுமை கட்டுவது ஆராய்ச்சிக்கு ஆகாது. கவிஞர்கள் கட்டினால் தடுப்பாரில்லை.

இச்சீமையில் நடந்து சென்றவர்களாக இலக்கியத்தில் காணப்படுவோரில் பழமையானவர்கள் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் ஆவர். உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியைச் சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் விரித்துரைக்கிறான். அதில் கொடும்பாளூரின் பெருங்குளமும், அவ்விடத்தில் மூன்றாகப் பிரியும் வழிகளும் சொல்லப்படுகின்றன. பிற்காலத்தில் இருக்குவேளிர் மூவர்கோயில் எழுப்பிய ஊர் அது. ஆனால் அப்பயணம் உலா அன்று. பிழைப்புத் தேடிச் சென்ற நடை. உண்டு களித்த செய்தி அதில் இல்லை.

இவ்வட்டாரத்தோடு தொடர்புடைய பழைய உணவுப் பட்டியல் ஒன்று புறநானூற்றில் உண்டு. அதுவும் மகிழ்ச்சிக்குரியதன்று. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, கணவன் இறந்தபோது தீப்புகுவதைத் தடுத்த சான்றோரை நோக்கிக் கூறும் பாட்டு அது. ஒல்லையூர் என்பது பொன்னமராவதிப் பக்கத்து ஒலியமங்கலம் என்பது கல்வெட்டுகளின் துணைகொண்டு அறிஞர் கண்ட முடிவு. கைம்பெண்ணுக்கு இடப்படும் உணவு இன்னின்னது என்று அரசி ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். நெய் படாத சோற்றுத் திரள், எள்ளரைத்த துவையல், புளி கூட்டி வேகவைத்த வேளைக்கீரை. படுக்கையோ பருக்கைக் கற்கள். இந்தச் சோற்றை உண்டு வாழ்வதைவிடத் தீயும் தாமரைக் குளமும் தனக்கு ஒன்றே என்கிறாள். ஒரு நிலத்தின் உணவு வரலாறு அறுசுவையில் தொடங்காமல் மறுக்கப்பட்ட நெய்யில் தொடங்குவதை மறந்துவிட்டு மேலே செல்ல முடியாது. யாருக்கு எது கிடைத்தது என்பதே பின்வரும் நூற்றாண்டுகளிலும் இவ்வரலாற்றின் உள்ளீடாக இருந்துவந்திருக்கிறது.

உலா என்னும் சொல்லும் அப்படிப்பட்டதே. தமிழில் உலா ஒரு சிற்றிலக்கிய வகை. தலைவன் யானையிலோ தேரிலோ வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிர் மாடத்திலும் வாயிலிலும் நின்று அவனைக் கண்டு காமுறுவர். நகர்கிறவன் அவன் ஒருவனே. அத்தனை பெண்களும் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். நூற்றுக்கணக்கான கண்ணிகளில் ஒருத்தியேனும் தெருக்கோடி வரை நடந்து சென்றதாகப் புலவர்கள் பாடக் கருதவில்லை. இவ்வகை நூல்களைப் படிக்கும்போது சொல்லழகு கண்ணை மறைத்துவிடுகிறது.

புதுக்கோட்டை நகரம் உலாவுக்கென்றே வகுத்ததுபோல் அமைந்த நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரெசிடெண்டாக இருந்த பிளாக்பர்னின் காலத்தில், தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக வகுக்கப்பட்டன. அரண்மனையைச் சூழ்ந்து நான்கு ராஜவீதிகள். அவற்றுக்கு அப்பால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண்ணாலேயே பெயர் பெற்ற தெருக்கள். புதியவர் ஒருவர் வழி கேட்காமலே நகரைச் சுற்றிவரலாம். 1878 முதல் 1894 வரை முதலில் திவானாகவும் பின்னர் ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்த சேஷையா சாஸ்திரியார் குளங்களைச் சீர்செய்து, சாலைகளைத் திருத்தி, பொதுக் கட்டடங்களை எழுப்பி நகருக்குப் புதுமுகம் தந்தார். புதுக்குளத்தின் கரையும், சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளத்தின் படிகளும் மாலைக் காற்றுக்கு மக்கள் நாடும் இடங்களாயின. பெரிய பூங்கா வைத்துத் தராத நகரங்களில் குளக்கரைதான் பூங்கா. தமிழ்நாட்டுச் சிறுநகரங்களின் இந்த இயல்பைப் புதுக்கோட்டையில் தெளிவாகக் காணலாம்.

அரசர் காலத்தில் நகரம் முழுவதும் வீதிக்கு வந்து உண்ட பொழுது நவராத்திரி. தொண்டைமான்கள் தம்மைப் பிரகதாம்பாளின் அடியவர் என்று சொல்லிக் கொண்டு ‘பிரகதாம்பாதாஸ்’ என்னும் விருதைத் தாங்கினர். அம்மனின் உருவம் பொறித்த சிறு செப்புக்காசு அம்மன் காசு எனப்பட்டது. இருபது காசு சேர்ந்தால் ஓரணா. நவராத்திரி நாள்களில் படியரிசி வழங்கும்போது அதனோடு இக்காசும் வழங்கப்பட்டது. இந்திய சமஸ்தானங்களில் தன் சொந்தக் காசை இறுதிவரை காப்பாற்றிக் கொண்டவை சிலவே. அவற்றுள் ஒன்று அரிசியோடு கைக்கு வந்த இந்தச் செப்புத் துண்டு. நாணயம் சேர்ப்போர் அதன் எடையையும் அச்சையும் ஆராய்கின்றனர். அது ஒரு வேளைச் சோற்றின் துணைக்காசு என்பதுதான் அதன் வரலாற்றில் சுவையான பகுதி. வாங்குவோர் வரிசையில் நிற்பதும் வழங்குவோர் மேடையில் இருப்பதுமான ஏற்பாடு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசர்களிலேயே பெரிய உலாப் போனவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1915ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பெண் மாலி பிங்கை அவர் மணந்தார். ஆங்கில அரசு அம்மணத்தை ஏற்கவில்லை. புதுக்கோட்டைக்கு வந்த சில மாதங்களில் அரசிக்கு அரளி நஞ்சு கொடுக்க முயற்சி நடந்ததென்ற பேச்சு எழுந்தது. 1916இல் இருவரும் நாட்டை விட்டு வெளியேறினர். அரசர் மீண்டும் இங்கு ஆளவில்லை. 1928இல் பாரிசில் காலமானார். உலகமெல்லாம் விருந்துண்ட அரசருக்குத் தம் ஊரில் மனைவியோடு அச்சமின்றி ஒருவேளை உண்ண முடியவில்லை என்பது புதுக்கோட்டை உணவு வரலாற்றின் விந்தையான பக்கம்.

அடுத்த ஆண்டே, 1929இல், திருச்சிராப்பள்ளியிலிருந்து புகைவண்டி புதுக்கோட்டையை எட்டியது. 1930இல் பாதை மானாமதுரை வரை நீண்டது. அதுவரை மாட்டுவண்டியின் வேகத்தில் நடந்த பயணம் இப்பொழுது ஒரு பொழுதுக்குள் முடிந்தது. புகைவண்டியோடு தமிழகமெங்கும் பரவிய காப்பிக் கடைகளும் சாப்பாட்டு விடுதிகளும், வீட்டுக்கு வெளியே காசு கொடுத்து உண்பது என்னும் பழக்கத்தை நடுத்தர மக்களிடையே வேரூன்றச் செய்தன. அதற்கு முன் வழிப்போக்கருக்குச் சத்திரம் இருந்தது. சத்திரச் சோறு அறம். விடுதிச் சோறு விலை. அறச்சோற்றில் சாதி பார்த்துப் பந்தி போடுவது வழக்கமாயிருந்ததென்றால், விலைச்சோற்றிலாவது அது ஒழிந்ததா என்றால் இல்லை. தென்னிந்திய இரயில்வே நிலையங்களின் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், ஏனையோருக்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருந்தனர். பெரியார் ஈ. வெ. ரா. நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் அப்பிரிவினை நீங்கியது. ஒரே கட்டணச் சீட்டு வாங்கி ஒரே வண்டியில் வந்திறங்கியவர்கள் இட்டலி உண்ண மட்டும் பிரிந்து சென்ற காலம் அது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ, சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் தனிக்குவளை என்னும் கொடுமை அதற்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. உள்ளூர் உணவின் சுவையைப் பாராட்டும் எந்த எழுத்தும் அந்தக் குவளையைக் கண்டும் காணாமல் செல்லுதல் தகாது.

நகரத்துக்கென்று ஒரு தனித்த உணவு உண்டென்றால் அது முட்டை மாஸ். அவித்த முட்டையைத் துண்டாக்கி, வெங்காயமும் காரமும் சேர்த்துக் கல்லில் புரட்டி எடுக்கும் எளிய பண்டம். அரண்மனைச் சமையலறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது பரோட்டாக் கடையின் பிள்ளை. மாலை மயங்கியபின் கல்லில் கரண்டி தட்டும் ஓசையே அதற்கு விளம்பரம். யாரும் யாரோடும் தோள் இடித்துக் கொண்டு நின்று உண்ணும் பண்டம் அது. அரிய பொருள் எதுவும் அதில் இல்லை; ஆயினும் பிழைப்புக்காக வெளியூர் சென்ற புதுக்கோட்டைக்காரர் ஊர் நினைவில் முதலில் சொல்வது இதைத்தான்.

திருமயம், பொன்னமராவதி வட்டாரத்து நகரத்தார் ஊர்களின் தட்டு வேறு. இராமச்சந்திரபுரம், இராயவரம், கோனாபட்டு, வலையபட்டி, மேலைச்சிவபுரி முதலிய ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்றவர்கள் தேக்கு மரத்தோடு சுவையையும் கொண்டு வந்தனர். கருமை நிறக் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்ததென்பர். கந்தரப்பம், பால் பணியாரம், கும்மாயம் ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே போதும்; செட்டிநாட்டுச் சமையலைப் பற்றி ஏற்கெனவே மிகுதியாக எழுதியாகிவிட்டது. அந்தப் பெரிய வீடுகளின் அடுக்களையில் உழைத்தவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை.

உலாப் போகும் இடங்களுள் சித்தன்னவாசலுக்கு நிகரானது இம்மாவட்டத்தில் வேறில்லை. நகரிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவு. பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா என்றால் பெரும்பாலும் அங்குதான். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு செல்வோர் குன்றின் நிழலில் இலை விரிப்பர். குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை. அதில் வழுவழுப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். அவற்றுள் ஒன்றில் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ்-பிராமிக் கல்வெட்டு. சமணத் துறவியர் தவமிருந்த இடம் அது. உணவைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் முற்றும் துறந்து உயிர்நீப்பதை உயர்ந்த நோன்பாகப் போற்றிய சமயம் சமணம். உண்ணாமையைத் தவமாகக் கொண்டோர் வாழ்ந்த குன்றின் அடியில் புளிச்சோற்றுப் பொட்டலம் அவிழ்வதைக் காணும் கவிஞருக்கு வேறு உவமை தேடவேண்டிய தேவை இராது.

குன்றின் மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். நடுவே தாமரை பறிக்கும் ஆடவர். சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய நீர்நிலையைக் குறிப்பது இக்காட்சி என்பது சமண அறிஞர் விளக்கம். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. முன் மண்டபமோ நேற்றையது. குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து, நிருவாகி டாட்டன்ஹாமின் காலத்தில் சமஸ்தானம் அமைத்தது. இராதாகிருஷ்ண ஐயரின் 1916ஆம் ஆண்டு நூலுக்குப் பின்னர்தான் இவ்வோவியங்கள் அறிஞர் கண்ணில் பட்டன. அதன்பின் வந்த பெருங்கூட்டத்தில் எல்லாரும் அறிஞர் அல்லர். உலா வந்தவர்கள் தம் பெயரையும் தம் காதலியின் பெயரையும் எழுதிப் பார்க்கச் சுவரைத் தேடினர். கை எட்டும் உயரத்தில் இருந்த வண்ணமும் சுதையும் மங்கியும் உதிர்ந்தும் போயின. எட்டாத விதானமே ஓரளவு தப்பியது. பிறகு கதவும் பூட்டும் கட்டணமும் வந்தன. பொதுமக்களுக்கு உரிய இடம் என்பதும் பொதுமக்களிடமிருந்து காக்கப்பட வேண்டிய இடம் என்பதும் ஒரே இடத்தைப் பற்றிய இரு உண்மைகள். இவ்விரண்டுக்கும் இடையில் தொல்லியல் துறை மட்டும் நின்று வழக்குரைத்துக் கொண்டிருக்கிறது. ஊர் மக்கள் தாமே காவலராகும் நாள் வரை அந்த வழக்கு முடியாது.

உண்ணாதோர் குன்றுக்கு எதிர்முனையில், மாவட்டத்தின் தெற்கே, உணவின் ஆவியே இறைவனுக்கு உணவாகும் கோயில் இருக்கிறது. திருப்பெருந்துறை எனப்படும் ஆவுடையார்கோயில் அது. மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் குருவைக் கண்ட தலம். கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. மேலே இலிங்க உருவம் இல்லை. உருவமற்ற ஆத்மநாதருக்குப் புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கற்பலகையில் குவித்து, அதிலிருந்து எழும் ஆவியை நிவேதனமாக்குவர். உடன் பாகற்காயும் கீரையும். பிற சிவன் கோயில்களில் பச்சரிசியே வழக்கம். இங்கு மட்டும் புழுங்கலரிசி ஏன் என்பதற்குத் தலக்கதை ஒன்றுண்டு: இறைவன் முதிய வாத்தியாராக வந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாராம், வீட்டுக்கு வீடு அவருக்குக் கொடுத்த அன்றாடச் சோறும் கீரையும் பாகற்காயும்தாம் இவை. விருந்துச் சோறு அன்று, வீட்டுச் சோறு. பெருங்கோப்பெண்டு வெறுத்துரைத்த கீரையும் சோறும் இங்கே தேவருணவாகிவிட்டன. ஒன்று வற்புறுத்தித் தந்தது. மற்றொன்று விரும்பி ஏற்றது. பண்டம் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆனால் உலாவும் உணவும் ஒன்றாகக் கலந்து களிப்பாகும் இடத்தைக் காணவேண்டுமானால் கோடைக்காலத்தில் இச்சீமையின் ஏதேனும் ஒரு கண்மாய்க் கரைக்குச் செல்ல வேண்டும். புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. ஆறென்று சொல்ல வெள்ளாறும் அக்கினியாறும் போன்ற காட்டாறுகளே உள்ளன. ஆகவே முன்னோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களையும் கண்மாய்களையும் வெட்டி வைத்தனர். அறுவடை முடிந்து, பங்குனிக்குப் பின் நீர் முழங்காலளவுக்கு வற்றியபின், ஊர்கூடி மீன்பிடி நாளைக் குறிக்கும். செய்தி வாய்வழியாகவே பத்துப் பதினைந்து ஊருக்குப் பரவிவிடும். விடிவதற்கு முன்பே கரையெங்கும் தலைகள். மூங்கிலால் பின்னிய ஊத்தாவைத் தோளில் சுமந்தவர், கச்சா வலை பிடித்தவர், ஒன்றும் கிட்டாமல் பழைய வேட்டியோடு வந்தவர், பள்ளிக்கு விடுமுறை விட்டுக்கொண்ட சிறுவர். ஊர்த் தெய்வத்தை வணங்கி, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்தத் துண்டு அசையும்வரை ஒருவரும் நீரில் கால் வைக்கக்கூடாது. அசைந்ததும் குளமே கலங்கிவிடும்.

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த, மேற்புறம் குறுகிய கூடை. அதைச் சேற்றில் குத்தி, உள்ளே மீன் முட்டுகிறதா என்று கையை விட்டுத் துழாவ வேண்டும். கெண்டையென்றால் நழுவும், கெளுத்தியென்றால் முள் குத்தும், விராலென்றால் அருகிலிருப்பவர் ஆரவாரம் செய்வர். சிலமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிடித்ததை விற்பதில்லை என்பது மரபு. அவரவர் வீட்டுக்குக் கொண்டு சென்று குழம்பு வைக்க வேண்டும். மிகுந்தால் கிட்டாதவர்க்குக் கொடுக்க வேண்டும். அன்று மாலை அவ்வட்டாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரே மணம். இவ்வாறு கூடிப் பிடித்தால் அடுத்த பருவத்தில் மழை தவறாது என்பது நம்பிக்கை. குளத்துக்குள் எல்லாருக்கும் முழங்காலளவு ஒரே சேறு. பந்தியில் பிரித்து வைத்த சமுதாயம் சேற்றில் சிலமணி நேரமேனும் பிரித்துப் பார்க்க முடியாமற் போனதே இவ்விழாவின் உயிர்.

அந்த உயிருக்கு இப்போது நீர் இல்லாத குறை. நீர்வரத்து வாய்க்கால்களைத் தைலமரத் தோட்டங்கள் அடைத்துவிட்டன, வரும் நீரைக் குடித்துவிடுகின்றன என்று உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாக வளர்ந்திருக்கும் ஊர்கள் பல. அங்கே துண்டு வீசப் பெரியவர் இருந்தும் பயனில்லை.

மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில், வேறொரு கூட்டுணவு உண்டு. அது மொய்விருந்து. திருமணமோ காதுகுத்தோ இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே வைக்கும் விருந்து. ஆடி மாதம் பிறந்ததும் பந்தல்கள் எழும். சிலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு ஆட்டுக்கறிச் சோறு ஆக்குவர். உண்டு எழுந்தவர் ஒவ்வொரு விருந்தினர் பெயரிலும் தனித்தனி நோட்டில் மொய் எழுதிச் செல்வர். வாங்கியவர் கொடுத்தவரின் விருந்து வரும்போது கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வட்டிக்கடைக்கும் வங்கிக்கும் போக முடியாத உழவர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட கடன் ஏற்பாடு இது. கறிக்குழம்பு சாட்சி, நோட்டுப் புத்தகம் பத்திரம். இதனால் கிணறு வெட்டியவரும் உண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும் உண்டு, திருப்பிக் கொடுக்க இயலாமல் நொந்தவரும் உண்டு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இவ்வட்டாரத்தின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, நோட்டில் எழுதிய கணக்குகளும் சேர்ந்து சாய்ந்தன. வடகாட்டுப் பலாச்சுளையின் இனிப்பைப் பாடிய கவிஞர்கள் அந்த நோட்டுகளையும் பாடவேண்டும்.

இதுகாறும் கூறியவற்றில் ஒரு குறை தெளிவாகத் தெரியும். குளக்கரையில் நடந்தவர், கடையில் நின்று உண்டவர், ஊத்தா தூக்கியவர், சேவகரோடு உலாப் போனவர் ஆகியோருள் பெரும்பாலார் ஆடவர். பெண்கள் சமைத்தார்கள். திருவிழாவுக்கும் கோயிலுக்கும் செல்லலாம். காரணமின்றி வெளியே செல்லலாகாது. காரணமின்றிச் செல்வதுதானே உலா.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்களுக்கான மன்னர் கல்லூரியில் சேர்ந்து பயின்ற முதல் பெண். ஒரு பெண் கல்லூரிக்கு வருவது அந்நாளில் ஊரறிந்த வழக்காயிற்று, எதிர்த்தோர் மிகுதி. அரசர் இசைவு தந்த பின்னரே அவருக்கு இடம் கிடைத்தது. பிறர் கண் படாமல் மூடுவண்டியில் சென்று வந்தார். பின்னாளில் சென்னைச் சட்டமேலவையின் துணைத்தலைவராக அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தாம் பிறந்த ஊரின் நேரான, அழகான வீதிகளை வண்டித் திரைக்குள்ளிருந்தே கடந்தார். உலா நூல்களின் மாடமும் இந்த மூடுவண்டியும் ஒன்றின் இரு வடிவங்களே.

அவ்வண்டியின் திரை விலகியது முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னர். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குப் பாடமாக்கியது. கல்லுடைக்கும் பெண்கள், களையெடுக்கும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் எல்லாரும் மாலை நேரங்களில் ஊர்ப் பொட்டலில் விழுந்து எழுந்து கற்றனர். கேலி பேசியோர் இருந்தனர். கற்றவர்களே பிறருக்குக் கற்றுக் கொடுத்தனர். இயக்கத்துக் கவிஞர்கள் இதற்கெனப் பாட்டுக் கட்டினர். அவை வயல்வரப்புவரை சென்றன. இதழாளர் பி. சாய்நாத் பின்னர் இங்கு வந்து பார்த்து எழுதியபின் உலகத்தார் பலர் புதுக்கோட்டையின் பெயரை முதன்முதலாக அறிந்தது முடியாலோ உடையாலோ அன்று, இந்த மிதிவண்டியால்தான்.

மிதிவண்டி முதலில் உலாவுக்குப் பயன்படவில்லை, வேலைக்கே பயன்பட்டது. பேருந்துக்குக் காத்திருந்த பொழுது மிஞ்சியது. தண்ணீர்க் குடங்கள் வண்டியில் தொங்கின. காய்கறியும் கடலையும் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் பெண்களின் கையாலேயே போய்ச் சேர்ந்தன. விற்ற காசும் அவர்கள் கையிலேயே இருந்தது. அதன்பின்தான், மிஞ்சிய பொழுதில், தோழியர் இருவர் மூவராகக் காரணமின்றிப் பக்கத்து ஊருக்குப் போய்வருவது நிகழலாயிற்று.

அக்காலத்தில் பெண்களுக்கான மிதிவண்டிகள் கடைகளில் தீர்ந்து போயின. ஆண்களுக்கான வண்டிகளையே பலர் வாங்கினர். குறுக்குக் கம்பி இடைஞ்சல் அல்லவா என்று கேட்டவர்களுக்கு, அதுவே வேண்டும் என்றனர் பெண்கள். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவில் ஓடும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு செல்லலாம்.